துணிந்து கெடுக்கக்கூடிய கணினி

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவின் மகன், 14 வயதுப் பையன், உள்ளங்கையில் அடங்கும் கணினிப் பலகை ஒன்று வேண்டுமென்று மூன்று மாதமாக நச்சரிக்கிறானாம். அதே வீட்டில் அத்தானுக்குக் கடைக்கணக்குப் பார்க்க ஒரு கணினி தேவை. "இந்தச் சின்னப் பெட்டிகளில் ஆட்களை மயக்க அப்படி என்ன இருக்கிறது? விளையாட்டுச் சாமானா, வேலைக்கு ஆகுமா? இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றை வாங்கினால் போதாதா?"

கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம்: போதாது. இரண்டு வாங்குங்கள், இரண்டுமே சின்னதாக இருக்கட்டும். முதற் கேள்விக்குத்தான் நான் சற்றுச் சுற்றிவர வேண்டும்.

நான் மட்டக்களப்பின் கல்லடியில் 20 வருடத்துக்கு மேலாகக் கணினி திருத்துகிறவன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் என் மேசை. சீபீயூ என்று ஊரெல்லாம் தவறாக அழைக்கும் அந்தப் பெரிய பெட்டிகள்தான் நெடுங்காலம் எனக்குச் சோறு போட்டன. சென்ற மாதம் கடற்கரைப் பக்கமிருந்து ஒன்று வந்தது. பக்கத் தகட்டில் நான்கு திருகாணிகள்; இரண்டு துருவேறி, திருகியதும் தலை மட்டும் கையோடு வந்தது. குளிர்விக்கும் விசிறி காற்றோடு உப்பையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் என்பதை வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. ராம் பட்டையின் பொன்முலாம் பற்களில் பச்சை பூத்திருந்தது. அழிறப்பரால் தேய்த்துவிட்டேன், மூன்று மாதம் தாங்கலாம். மின்வழங்கிக்குள் கருகிக் காய்ந்த பல்லி ஒன்று. மதர்போர்ட்டின் மூலையில் எறும்பு முட்டைகள்.

ஆனால் என்னை உறுத்தியது பெட்டியோடு கூடவே வந்த துணி உறைதான். ரோஜாப்பூ வேலை செய்து, ஓரத்தில் சுருக்கு வைத்துத் தைத்தது. வெளிநாட்டிலிருக்கும் தம்பி அனுப்பிய காசில் வாங்கியது, 12 வருடமாகப் பிள்ளைகள் மூவரையும் கைவைக்க விட்டதில்லை என்று அந்த அம்மா பெருமையோடு சொன்னார். மூத்த மகள் பக்கத்தில் நின்றாள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறாள். தன் வீட்டுக் கணினியின் உள்வயிற்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பல்லியைக் கண்டு முகம் சுளித்தாலும் கண்ணை எடுக்கவில்லை.

சின்னக் கணினியின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்தத் துணி உறையைத்தான் காட்டுவேன். சின்னதற்கு யாரும் உறை தைப்பதில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்றுதான் இந்தப் பேச்சை எல்லோரும் தொடங்குவார்கள். கடுகை விடுங்கள், காரத்தில் இவை பெரிய பெட்டிக்கு ஈடாகாது. கெட்டுப்போனால் வீடு அழாது என்பதே இவற்றின் பலம். அழமாட்டார்கள் என்று தெரிந்தால் பிள்ளை கைவைக்கும். கைவைத்தால் கெடும். கெட்டதைச் சீராக்கத் தெரிந்தவன் பிறகு எந்தப் பெட்டிக்கும் பயப்படமாட்டான்.

இது என் கண்டுபிடிப்பல்ல. ராஸ்பெரி பை என்ற பலகை பிறந்ததே இந்தக் கவலையில்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்கு மாணவர்களைத் தெரிவு செய்யும் வேலையில் இருந்த எபன் அப்டன், 2000களின் நடுவில் ஒன்றைக் கவனித்தார். விண்ணப்பிக்கிறவர்கள் குறைகிறார்கள், வருகிறவர்களுக்கும் நிரல் எழுதிய பழக்கம் இல்லை. முந்தைய தலைமுறை அப்படியில்லை. 1981இல் வந்த சின்கிளயர் இசட்.எக்ஸ். 81இன் நினைவகம் வெறும் 1 கிலோபைட். விலை 70 பவுணுக்குச் சற்றுக் குறைவு. பி.பி.சி. மைக்ரோவும் அதே ஆண்டுதான். மின்சாரம் கொடுத்தால் வெறும் திரையும் எழுதும் இடத்தைக் காட்டும் ஒரு குறியும் வரும், நீதான் ஏதாவது எழுத வேண்டும். பிறகு வந்த குடும்பக் கணினிகளில் வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் ஏறியதும், தொடாதே என்பது வீட்டுச் சட்டமாயிற்று. சீமையிலும் துணி உறைதான், பூவேலை மட்டும் வேறு! ஒரு பாடநூலின் விலையில் ஒரு கணினி என்று அப்டன் குழுவினர் கணக்குப் போட்டார்கள். 2012 பெப்ரவரி 29 அன்று முதற் பலகை 35 டொலருக்கு வந்தது: நீளம் 85 மில்லிமீற்றர், அகலம் 56 மில்லிமீற்றர், நினைவகம் 256 மெகாபைட். சில ஆயிரம் விற்றால் பெரிது என்று நினைத்தவர்கள், 2024இல் 6 கோடியைத் தாண்டியிருந்தார்கள்.

அதற்குள் இருக்கும் செயலியின் கதை இன்னும் ருசியானது. பி.பி.சி. மைக்ரோவைச் செய்த ஏக்கோர்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபேர்பரும் சொந்தமாக ஒரு செயலி வடிவமைத்தார்கள். சில்லுக்குப் பீங்கான் உறை போட்டால் செலவு. மலிவான பிளாஸ்டிக் உறை என்றால் அது ஏறத்தாழ 1 வாட்டுக்குள் ஓட வேண்டும். பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் தேவைக்கு மேலேயே சிக்கனம் பிடித்தார்கள். 1985 ஏப்ரலில் முதற் சில்லைப் பலகையில் மாட்டினார்கள். சரியாக வேலை செய்தது. எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று அளந்தால், மானி பூச்சியம் காட்டியது. தேடிப் பார்த்தபோது, சில்லுக்குப் போக வேண்டிய மின் இணைப்பே கொடுபடவில்லை. மற்றச் சமிக்ஞைக் கம்பிகளிலிருந்து கசிந்த மின்னிலேயே அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஏ.ஆர்.எம். செயலியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று உங்கள் கைப்பேசிக்குள்ளும் ராஸ்பெரி பைக்குள்ளும் இருக்கின்றன.

கசிவில் ஓடத் தெரிந்த சில்லின் அருமை 2022இல் நமக்கெல்லாம் விளங்கியது. மார்ச் 31 அன்று இலங்கை முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு. அந்தக் காலத்தில் கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு கிராமத்து வாசிகசாலையில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாவிக்கு மேற்கேயுள்ள அந்தப் படுவான்கரையில் மின்சாரம் இருந்தாலே இணையம் இழுபறி. மின்வெட்டில் இரண்டும் இல்லை. நான் ஒரு பலகையில் இணையமில்லாமல் விக்கிப்பீடியாவை வாசிக்க உதவும் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாக இறக்கி வைத்தேன். 2003இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தில் இப்போது ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். பலகையே ஒரு வைஃபை வீசும். பிள்ளைகள் தங்கள் அம்மாமாரின் கைப்பேசியில் அதைப் பிடித்து வாசிப்பார்கள். திரை வேண்டாம், இணையம் வேண்டாம்.

மின்சாரத்துக்கு என்னிடம் இருந்தது யூ.பி.எஸ். ஒன்றிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பற்றரி. 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வாட் மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே வடிய விட்டால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே 42. வோல்ட்டைக் குறைக்கும்போது போகிற சேதாரம் நீங்க 35 என்று வையுங்கள். பலகை எடுப்பது 4, 5 வாட். ஏழெட்டு மணித்தியாலம் ஓடும். பகலில் ஒரு சிறிய சோலார் பனல் மறுபடி ஏற்றிவிடும். இதே பற்றரியில் ஒரு பெரிய பெட்டியையும் அதன் திரையையும் இன்வேர்ட்டர் வழியாக ஓட்டினால் 120 வாட் போகும். கால் மணித்தியாலத்தில் இருட்டு. இந்தக் கணக்கை அங்கே கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். விக்கிப்பீடியாவை விட இந்தக் கணக்கில்தான் ஆறு ஏழு பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

ஒரு மாதத்தில் அது படுத்துவிட்டது. பற்றரிக் கம்பி தளர்ந்து, மெமரி கார்ட்டில் எழுதிக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் அறுந்தால் கார்ட் குழம்பும். நான் பிரதி எடுத்து வைக்கவில்லை, என் சோம்பல். மறுபடி எல்லாவற்றையும் இறக்க மட்டக்களப்பு நகரத்துக்கு வந்து இரண்டு இரவு காத்திருந்தேன். அதற்குப் பிறகு எந்தச் சின்னக் கணினி வைத்தாலும் இரட்டைக் கார்ட்தான்: ஒன்று உள்ளே, ஒன்று காகிதத்தில் சுற்றிப் பெட்டியின் அடியில்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். கைப்பேசியும் சின்னக் கணினிதானே, அது ராஸ்பெரி பையை விட வேகமும் கூட, பிறகு ஏன் இது? நியாயமான கேள்வி. அளவு சிறியது என்பதற்காக மட்டும் எனக்கு எதன்மீதும் காதல் இல்லை. ஆப்பிளின் மேக் மினி 2024இல் 12.7 சென்ரிமீற்றர் சதுரமாகச் சுருங்கியது. வேகத்தில் என் மேசையிலுள்ள எதுவும் அதன் காலில் நிற்காது. ஆனால் அதன் நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது, வாங்கியது வாங்கியதுதான். கைப்பேசியைப் பசை போட்டு ஒட்டியே அனுப்புகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று பதில் வருகிறது. அவற்றுக்கும் ஏதோ ஓர் உறை தொழிற்சாலையிலேயே தைத்தாகிவிட்டது. மேசையில் திறந்து கிடக்கும் பச்சைப் பலகையில் 40 ஊசிகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. எதிலாவது ஒரு கம்பியைச் செருகேன் என்று அது பையனைக் கூப்பிடுகிறது.

கம்பியைச் செருகி நான் பட்ட பாடு ஒன்றையும் சொல்கிறேன். செங்கலடியில் ஒரு நண்பர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருக்கிறார். 21 நாள், 37.5 பாகை செல்சியஸ்; இதில் பிசகினால் முட்டை கூழாகும். ஒரு சின்னக் கணினியில் வெப்ப உணரியைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு தடவை பதியச் செய்தேன். பதினோராம் நாள் இரவு மின்சாரம் போய் வந்தது. விடிந்து பதிவைப் பார்த்தால் வெப்பம் 37.5இலிருந்து ஒரே நிமிடத்தில் 29க்குப் பாய்ந்திருக்கிறது! இப்படிப்பட்ட பலகைகள் பலவற்றில் கடிகாரத்துக்கென்று தனிப் பற்றரி கிடையாது. இணையம் கிடைத்தால் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். கிடைக்காவிட்டால் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே மறுபடி எண்ணத் தொடங்கும். எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று அதற்குத் தெரியாது. தெரிந்தே மறந்தது என் பிழை. 40 முட்டையில் 11 பொரிக்கவில்லை. மின்வெட்டா, சேவலின் குறையா என்ற வழக்கு எங்களுக்குள் இன்றும் நிலுவையில் இருக்கிறது.

உண்மையில் குஞ்சுப்பெட்டிக்கு அந்தச் சின்னக் கணினியே மிகப் பெரியது. இத்தாலியில் 2005இல் தொடங்கிய ஆர்டுயினோ வகைப் பலகைகள் இருக்கின்றன. உனோ என்ற பிரபலமான மாதிரியில் வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட், மெகா அல்ல, கிலோ. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூனிகோட்டின் வழமையான சேமிப்பு முறையில் 3 பைட் பிடிக்கும், கொம்பும் காலும் தனிக்கணக்கு. நீங்கள் வாசிக்கும் இந்தப் பத்தியே அதற்குள் அடங்காது. ஆனால் குஞ்சுப்பெட்டிக்குப் பத்தி எழுதவா போகிறோம்? வெப்பம் குறைந்தால் குமிழை எரி, கூடினால் அணை. இதற்கு இயங்குதளம் வேண்டாம், மெமரி கார்ட் வேண்டாம். மின்சாரம் பத்துத் தடவை போய்ப் பத்துத் தடவை வந்தாலும் கண்விழித்த மறுகணமே தன் வேலையைப் பார்க்கும். நூறு ஆணைகளுக்குள் முழு நிரலும் முடிந்துவிடுவதால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு பையன் மனதில் வைத்திருக்கலாம். பொத்தான் பற்றரியோடு ஒரு கடிகாரத் துண்டையும் சேர்த்து இப்போது அதைத்தான் வைத்திருக்கிறோம்.

சரி, அத்தானின் கடைக்கு வருவோம். ராஸ்பெரி பை வேண்டாம். கடைக்கணக்கு மென்பொருள்களும் ரசீது அச்சிடும் கருவிகளின் மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோஸில், இன்டெல் வகைச் செயலிக்கென்று எழுதப்பட்டவை, ஏ.ஆர்.எம். பலகையில் அவற்றை ஓட்டப் போனால் சள்ளை. அவருக்கு ஏற்றது அலுவலகங்களில் பாவித்துக் கழித்த 'ஒரு லீற்றர்' கணினி; பெட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால் அந்தப் பெயர். லெனோவோவின் டைனி, எச்.பி.யின் மினி, டெல்லின் மைக்ரோ எல்லாம் இந்த இனம். பக்கத்துக்கு 18 சென்ரிமீற்றர், தடிப்பு மூன்றரை. ஒரு தடித்த அகராதியைப் படுக்க வைத்த அளவு. திரையின் முதுகில் திருகிவிட்டால் மேசையில் இடமே பிடிக்காது. செயலியின் பெயர் டீ என்ற எழுத்தில் முடிந்தால் அது 35 வாட் வகை. கணக்கு எழுதிக்கொண்டு சும்மா இருக்கும் நேரத்தில் முழுப் பெட்டியும் 10 வாட் அளவில்தான் எடுக்கும். விசிறி ஒன்று இருக்கிறது, உப்பு இதற்குள்ளும் போகும். ஆனால் மூடியைக் கழற்ற ஒரேயொரு திருகாணிதான் அல்லது ஒரு நெம்புதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தூசு தட்ட உங்கள் மருமகனே போதும்.

இந்த இனம் இப்போது மலிந்து கிடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளை, மிகச் சிலவற்றைத் தவிர, முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை அலுவலகங்கள் வெளியே தள்ளுகின்றன. கடை மென்பொருளுக்கு விண்டோஸ் கட்டாயம் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். வாங்கும்போது நான்கு இடம் பாருங்கள். அடப்டர் அதனுடையதுதானா, செருகியின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பிறகு தேடி அலைய வேண்டும். கணினி கண்விழித்ததும் முதலில் ஓடும் பயோஸில் பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் பூட்டிக் கிடக்கிறதா. வைஃபை அன்டெனா உள்ளதா. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யைத் தாங்கும் சட்டம் உள்ளே இருக்கிறதா, அல்லது ஒட்டுநாடாவால் ஒட்டியிருக்கிறார்களா. கடைசியைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் இரண்டு தடவை கண்டிருக்கிறேன். அத்தானின் பழைய கடிதங்கள் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்தால் புதுப் பெட்டியில் அதையும் நிறுவிக் கொடுங்கள். இல்லாவிட்டால் திறந்ததும் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், குற்றம் உங்கள் தலையில் விழும்.

மருமகனுக்கு? ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ போதும். 2021இல் 15 டொலருக்கு வந்தது, 65 மில்லிமீற்றர் நீளம், 512 மெகாபைட் நினைவகம். டொலர் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 35 டொலர் என்பது 2022 தொடக்கத்தில் 7,000 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் 12,000ஐத் தாண்டியது. அதன்மேல் இறக்குமதிச் செலவு, அடப்டர், கார்ட், கம்பிகள் என்று பலகையின் விலைக்குச் சமமாக இன்னொரு தொகை வரும். திரை வாங்காதீர்கள், வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. வழி இருக்கும். கார்ட் இரண்டு வாங்குங்கள். ஒன்றைக் கெடுப்பதற்கென்றே அவன் கையில் கொடுங்கள், அதைச் சொல்லியே கொடுங்கள். பைதன் என்ற நிரல்மொழியில் தொடங்கட்டும். உயர்தரத்தில் அந்தப் பாடத்தை எடுத்தால் அதுவேதான் வரும். முதல் வாரம் வீடியோ பார்ப்பான், விட்டுவிடுங்கள். இரண்டாம் வாரம் அது மெதுவாக இருக்கிறது என்று சலித்துக்கொள்வான். அப்போது சின்னச் சிவப்பு எல்.ஈ.டி. குமிழ் ஒன்றைக் கொடுத்து, இதை மினுக்கிக் காட்டு என்று சொல்லிப் பாருங்கள்.

என்னிடமும் ஒரு ஸீரோ இருக்கிறது. அது இப்போது சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் பவர் பேங்கோடு கிடக்கிறது. பெட்டியிலிருந்து 12 மீற்றர் கம்பி. அதன் முனையில் பழைய கடிகாரத்திலிருந்து கழற்றிய பித்தளைத் தகட்டு ஒலிப்பான், பசையில் தோய்த்து நீர் புகாமல் செய்தது. ஒலிப்பானைத் தலைகீழாகப் பாவித்தால் அதுவே ஒலிவாங்கி. பலகையில் ஒலியை உள்ளே வாங்கும் வழி இல்லாததால் இடையில் ஒரு யூ.எஸ்.பி. துண்டு. எங்கள் வாவியில் நிலா இரவுகளில் பாடுவதாகச் சொல்லும் மீனைக் கேட்கத்தான். அந்தக் காலத்தில் துடுப்பை வாவியில் இறக்கி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியிலிருந்த லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிந்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. அவருக்கு எவ்வளவு பாரம் தூக்க வேண்டியிருந்ததோ. என் பெட்டி ஒரு பார்சல் சோற்றின் எடைகூட இல்லை. வாவியில் விழுந்து போனாலும் ஒரு நாள் கவலையோடு தீரும் என்பதால்தான் தோணியில் கொண்டுபோகிறேன். மடிக்கணினியைக் கொண்டுபோக எனக்குத் துணிவு வராது.

கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் மூன்று பூரணை இரவுகள் இறக்கியாகிவிட்டது. இதுவரை பதிவானவை: பாலத்தில் போகும் வாகனங்களின் உறுமல், ஒரு இயந்திரத் தோணி, எண்ணெயில் கடுகு வெடிப்பது போல இடைவிடாத ஒரு பொரியல் சத்தம், கம்பியை இழுக்கும்போது நான் திட்டியது. மீன் பாடவில்லை. தோணி ஆடும்போது ஒருவர் கம்பியைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் பெட்டியைப் பிடிக்க வேண்டும். அடுத்த பூரணைக்கு உங்கள் மருமகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தம்பி.